தோண்டாமலே குழாயின் துருவை அறியும் நீள்தூர மீயொலிச் சோதனை

சாலைக்கு அடியில் செல்லும் எங்கள் ஆலையின் 8 அங்குல எண்ணெய்க் குழாயைத் தோண்டாமலே சோதிப்பதற்காக, சென்ற மாதம் நீள்தூர மீயொலிச் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) சோதனைக் குழு ஒன்றை அழைத்திருந்தோம். உணரிகள் பதித்த வளையத்தைக் குழாயில் மாட்டிக் காற்றழுத்தத்தால் இறுக்கியதும், வழக்கமான மீயொலியைவிடத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் இருபுறமும் பல மீட்டர் ஓடி, உலோகம் அரிக்கப்பட்ட இடங்களிலிருந்து எதிரொலித்துத் திரும்பின. திரையில் வெல்டிங் இணைப்புகள் சீரான முகடுகளாகத் தெரிய, அவற்றுக்கு நடுவே, தரைக்கு மேலே குழாய் தாங்கியின் மேல் அமர்ந்திருந்த இடத்தில், ஒழுங்கற்ற சிறு முகடு ஒன்று எழுந்தது. குழாயைச் சற்றே தூக்கித் தடிமன்மானி வைத்துப் பார்த்தபோது, 8.2 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் 5 மி.மீ. ஆகியிருந்தது. அந்த ஒரு கண்டுபிடிப்புக்கே கொடுத்த பணம் தகும்.

ஆனால், அலையை உறிஞ்சும் தார்ப்பூச்சு உள்ள பகுதியில் அலை எட்டும் தூரம் எந்த அளவுக்குக் குறைந்தது என்பதை அறிக்கையில் எழுதாமல் விட்டது பெருங்குறை. அதை வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள்.