ரோஜாவுக்கு எந்தக் குழாய்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் தண்ணீர் நான்கு வழியில் வருகிறது. சமையலறையில் காவேரி, துணி துவைக்கும் இடத்தில் போர்வெல், குளியலறையில் அதே போர்வெல், நீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷின் வழியாக, குடிக்க ஆர்.ஓ. கே.ஆர். மார்க்கெட்டில் 20 தண்டு தாஜ்மஹால் ரோஜாக் கட்டு ஒன்று வாங்கி, எந்தத் தண்ணீரில் அதிக நாள் வாடாமல் நிற்கும் என்று பார்க்க, நான்கு பாட்டிலில் ஐந்தைந்தாகப் பிரித்து வைத்துவிட்டேன். எல்லாக் காம்பையும் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டினேன். வெளியில் வெட்டினால் காற்று உள்ளே போய், காம்புக்குள் நீர் ஏறும் நுண்குழாயை அடைத்துக்கொள்ளும்.

முதலில் போர்வெல் ரோஜாதான் சாயும் என்று நினைத்திருந்தேன். சாய்ந்தது சாஃப்ட்னர் தண்ணீரில் இருந்தது! மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், இதழ் விரியாமலே மொட்டுக்குக் கீழே கழுத்து மடங்கி, ஐந்தும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெஷினுக்கு உப்பு மூட்டை போட வந்த பிளம்பரிடம் சொன்னேன். "என்னக்கா, சாஃப்ட் வாட்டர் முடிக்கே நல்லது, பூவுக்கு ஆகாதா?" என்று சிரித்தார்.

ஆகாது. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றித்தான் வைக்கிறது. கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எண் குறையாது. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் கால்சியத்தைவிட சோடியம்தான் பகை. காசு கொடுத்துச் செய்த தண்ணீர் கடைசி இடத்துக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போர்வெல் ரோஜா இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடித்தது. இங்கே பாட்டிலின் உள்பக்கம் படியும் வெள்ளை வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பைகார்பனேட். வெட்டிய பூ 3.5 முதல் 5 வரையிலான பி.ஹெச். உள்ள புளிப்பு நீரைத்தான் சுலபமாக இழுக்கும், பாக்டீரியாவும் அதில் மெதுவாகவே பெருகும். போர்வெல் நீரில் எலுமிச்சை பிழிந்தால் பைகார்பனேட் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். ஆர்.ஓ. நீரில் அதே அளவு பிழிந்தால் பி.ஹெச். சட்டென்று இறங்கி, நீர் புளிப்பாகிவிடும். பூங்கொத்தோடு வரும், தண்ணீரைப் புளிப்பாக்கும் சின்னப் பொடிப் பாக்கெட் ஒரு வீட்டில் வேலை செய்து, பக்கத்து வீட்டில் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காவேரிக்கும் ஆர்.ஓ.வுக்கும்தான் உண்மையான போட்டி. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் காவேரி நீரில் உப்பு குறைவு, கொஞ்சம் குளோரினும் இருக்கும். சம்ப், மேல்தொட்டி என்று தங்கி வரும்போது அந்தக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆர்.ஓ.வில் கார்பன் ஃபில்டரே அதை எடுத்துவிடுகிறது. அதனால்தான் உப்பே இல்லாத அந்தச் சுத்த நீரும் இரண்டு நாளில் கலங்குகிறது. எங்கள் பாட்டில்களில் ஆர்.ஓ. ஜெயித்தது, ஆனால் காவேரியைவிட ஒரே ஒரு நாள் கூடுதல். தண்ணீரைத் தினம் மாற்றி, காம்பை அரை அங்குலம் வெட்டினால் அந்த ஒரு நாளும் போட்டியில் நிற்காது. ஆர்.ஓ. கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்து வைக்கிறவர்கள் அதைத் தரை துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

செவ்வந்தி இதற்கு விதிவிலக்கு. உப்பே இல்லாத நீரைவிட, சிறிது உப்புள்ள குழாய்த் தண்ணீரில்தான் அது நன்றாக உறிஞ்சும். அதற்குக் காவேரியே போதும்.

ஜெர்பெராவுக்கு மட்டும் நான் பேரம் பேசுவதில்லை, ஆர்.ஓ.தான். அதற்கு ஃப்ளோரைடு ஒத்துக்கொள்ளாது, லிட்டருக்கு 1 மில்லிகிராமே பாதிக்கும். நாம் குடிக்கிற நீரிலோ மாற்று வழியில்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. தண்டு மயிர் அடர்ந்து மென்மையாக இருப்பதால் சீக்கிரம் அழுகும், இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

சம்பங்கியையும் சோதிக்க ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் சம்பங்கி வந்தால் மறுநாளே மாமியார் முருகன் படத்துக்குச் சாத்திவிடுகிறார்.