ஒரு வயதுக்கு நடைவண்டி: இரண்டு பிள்ளைகள் தள்ளி முடித்த பிறகு

ஒரு வயதுக் குழந்தைக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் பிறந்தநாள் பரிசு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது மர நடைவண்டிதான். திருத்தணியில் இருக்கும் என் தங்கை மகனின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் தள்ளி முடித்து, அப்புறம் அவன் தங்கச்சி தள்ளி முடித்து, இப்போது அது நகரியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது, என் மகளுக்காக. இத்தனை காலம் அது என்ன பாடுபட்டது, எங்கே சொதப்பியது என்பதை எழுதுகிறேன்.

வாங்கியது திருத்தணி மலையடிவாரத்தில், ஆடிக் கிருத்திகைக்குப் போடும் கடைகளில் ஒன்றில். பேரம் பேசி நானூறுக்குக் கொடுத்தார்கள். முக்கோணச் சட்டம், முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என மூன்று மரச் சக்கரம், பிடித்து நிற்கக் குறுக்குக் கட்டை. சிவப்பு, மஞ்சள், பச்சை. தங்கையின் மாமியார் பார்த்ததும், "இன்னாங்க தம்பி, இந்தக் காலத்துல போய் கட்டை வண்டி வாங்கினு வந்திருக்கீங்க" என்றார். தாய்மாமன் சீர் தனியாகப் போய்விட்டதால் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். அதனால் வீட்டில் ஒரு பிறந்தநாள் என்றால் இரண்டு மாநிலத்துப் பொம்மைகளும் வந்து குவியும். அன்றைக்கு வந்தவற்றில் எது எவ்வளவு நாள் தாங்கியது என்று பார்த்தால் நடைவண்டியின் அருமை தெரியும்.

பேட்டரி கார், பாட்டுப் பாடும் நாய், விளக்கு எரியும் போன். இவையெல்லாம் சில வாரங்களில் பரண் ஏறிவிட்டன. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் போனின் அடிமூடி திருகு இல்லாமல் வெறும் கொக்கியில் நின்றது. உள்ளே பொத்தான் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். மூடிக்குத் திருகு இல்லாத பேட்டரி பொம்மை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மை ஒன்றும் வந்தது. அழகுதான், ஆனால் அது கொலுப்படிக்கு உரியது. மென்மையான மரம், மேலே பெயின்ட். எதையும் வாயில் வைக்கும் பிள்ளையிடம் கொடுக்கிற சாமான் இல்லை. அதே ஆந்திராவின் ஏட்டிகொப்பாகா ஊரில் செய்யும் வளைய அடுக்கு வேறு ரகம். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கில் இயற்கைச் சாயம் கலந்து ஏற்றியது. வழுவழுவென்று இருக்கும், முனை கிடையாது. 2017இல் புவிசார் குறியீடு கிடைத்த பொம்மை. பிள்ளைகள் இரண்டு பேரும் கடித்துத் துப்பியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நடைவண்டி கிடைக்காவிட்டால் நான் வாங்குவது இதைத்தான். சின்னதாக எடுத்தால் பட்ஜெட்டுக்குள் அடங்கும்.

சரி, வண்டிக்கு வருவோம். முதல் பிரச்சினை டைல்ஸ் தரை. இந்த வண்டி மண் வாசலுக்கும் சிமென்ட் தரைக்கும் செய்தது. டைல்ஸில் வைத்தால் பிள்ளை ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் வண்டி மூன்று அடி ஓடிவிடும், கட்டையைப் பிடித்திருந்தவன் குப்புற விழுவான். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, சக்கர அகலத்துக்கு நீளவாக்கில் கீறி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவிச் சக்கரத்தைச் சுற்றி இழுத்து ஒட்டினோம். கிட்டத்தட்டச் செலவே இல்லை. ஓட்டம் அடங்கியது, 'கடகட' சத்தமும் பாதியானது. கீழ் வீட்டுக்காரர் மதியத் தூக்கம் கெடுகிறது என்று அதற்கு முன்பே ஒரு தடவை மாடி ஏறி வந்திருந்தார். நகரியில் அந்தத் தொல்லை இல்லை. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நடைவண்டிச் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

இரண்டாவது, பின்பக்கம் சாய்வது. நிற்கக் கற்கும் குழந்தை கட்டையைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கி எழும். அப்போது முன் சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி அவன் மேலேயே வரும். முன்பக்கச் சட்டத்தில் ரெண்டு கிலோ மணலைத் துணிப்பையில் தைத்துக் கட்டினோம், நின்றுவிட்டது. நன்றாக நடக்க வந்ததும் பையை அவிழ்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது: கடையாணி. சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் செருகிய சின்ன ஆணி. மரம் காய்ந்து சுருங்கினால் அது தளர்ந்து கையோடு வந்துவிடும். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு ஒரு சோதனை உண்டு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையாணி அந்தக் குழாயில் தாராளமாக அடங்கும். ஆகவே வாங்கிய கையோடு சைக்கிள் கடையில் கொடுத்து மூன்றையும் பிடுங்கிவிட்டு, போல்ட் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நட்டு முறுக்கி வாங்கிவிடுங்கள். அச்சு கிறீச்சிட்டால் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் போதும்.

பெயின்ட் விஷயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நாடு முழுக்க அமலில் இருக்கிறது. திருவிழாக் கடை வண்டிக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள் என்பதை யார் பார்த்தது? பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு செய்த கைவினைஞர்களின் சரக்குக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே முத்திரையைத் தேடிப் பயனில்லை; கையும் கண்ணும்தான் சோதனை. பல் முளைக்கும் நேரத்தில் எங்கள் பையன் அந்தக் குறுக்குக் கட்டையைத்தான் கடித்துக்கொண்டு நிற்பான். அதனால் கட்டையை மட்டும் கழற்றி ஆசாரியிடம் புது வேப்பங்கட்டை போட்டு வாங்கினோம். சாயம் இல்லை, தேங்காய் எண்ணெய் மட்டும். பிள்ளை இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட்டுப் பெயின்டைத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி இன்னும் மோசம்.

இதற்குப் பதில், குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் வட்ட வாக்கரை வாங்கித் தரலாமே என்று ஒரு சித்தப்பா கேட்டார். வேண்டவே வேண்டாம். கனடாவில் 2004 முதல் அதை விற்பதற்கே தடை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தடை கேட்கிறது. உட்கார்ந்தபடி உந்திக்கொண்டு போகிற வேகத்தில் படிக்கட்டு, அடுப்பு, சுடுதண்ணீர் எல்லாம் ஒரே நொடியில் பக்கத்தில் வந்துவிடும். நடக்கவும் அது உதவாது. எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டு பக்கத்தில்தானே இருக்கிறது என்று சித்தப்பா சிரித்தார். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் போக வேண்டுமா என்ன?

நடக்கப் பழகிய பிறகு வண்டி மூலையில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். நேர் எதிர். பையனுக்கு அது லாரியானது. வெங்காயம், செருப்பு, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில் ஏறி அடுத்த அறைக்குப் போய்ச் சேரும். அப்புறம் தங்கச்சியை அதில் உட்கார வைத்து ஆட்டோ ஓட்டினான். சட்டத்தில் ஒரு மூட்டு ஆடியது அப்போதுதான். ரெண்டு திருகாணியில் சரியானது. மொத்த ரிப்பேர் செலவும் சேர்த்தால்கூட அன்றைக்கு வந்த பேட்டரி காரின் விலையைத் தொடாது.

ஒன்று மட்டும். இது ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள பிள்ளைக்கான பரிசு. ஏற்கெனவே ஓடித் திரிகிற இரண்டு வயதுக்காரிக்குப் புதிதாக இதை வாங்காதீர்கள். அவளுக்கு எவர்சில்வர் சொப்புச் சாமான் வாங்கிக் கொடுங்கள், ஓரம் மடித்து விட்டதாகப் பார்த்து. திருவிழாக் கடையில் நடைவண்டி எடுப்பதானால் ஒரே தயவு: தரையில் வைத்துத் தள்ளிப் பார்த்து, மூன்று சக்கரமும் ஆடாமல் உருள்கிறதா, எங்காவது ஆணித் தலை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று சட்டம் முழுக்க விரலால் தடவிய பிறகு காசைக் கொடுங்கள்.