இருவருக்கு 18 அடி கேரவன்: முதலில் கட்டில், அடுத்து எடைத் தகடு

ஆஸ்திரேலியாவில் மே மாதக் குளிர் தொடங்கியதும் மெல்போர்ன், அடிலெய்டு பக்கத்து ஓய்வூதியக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவார்கள். ‘கிரே நோமட்ஸ்’ என்று ஊரே அவர்களை அழைக்கிறது. டார்வின், புரூம் போகும் சாலைகளில் அந்த மாதங்களில் அதிகம் கண்ணில் படுவது, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் 18 அடி கேரவன், அதாவது உள்ளேயே குளியலறை உள்ள ‘என்சூட்’ வேன். முன்பக்கம் கட்டில், நடுவில் சமையலும் மேசையும், பின்பக்கம் குறுக்கே கழிப்பறையும் ஷவரும். ஜேகோ போன்ற பெரிய நிறுவனம் முதல் மெல்போர்னின் கேம்பல்ஃபீல்டில் இருக்கும் சிறிய தொழிற்சாலைகள் வரை எல்லோரிடமும் இந்த அமைப்பு உண்டு. புதிதாக வாங்கினால் விலை தாராளமாக 60,000 டாலரைத் தாண்டும்.

அறுபது தாண்டிய இருவருக்கு இந்த அளவுதான் பொருத்தம். 16 அடியில் குளியலறை வைத்தால் கட்டில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 21 அடிக்குப் போனால் ரிவர்ஸ் எடுப்பதே ஒரு வேலையாகிவிடும். பழைய கேரவன் பார்க்குகளில் பாதி இடங்களில் நுழையாது. ஆனால் ஷோரூமில் காட்டுவது தோல் இருக்கை, எல்.இ.டி விளக்கு, பெரிய டிவி. பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் கட்டில். இரு பக்கமும் இறங்கும்படி இருந்தால் ‘ஐலண்ட் பெட்’. குறுக்கே போட்டிருந்தால் சுவர்ப்பக்கம் படுப்பவர் இரவில் கழிப்பறைக்கு எழ, மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டாவது வகை வேண்டவே வேண்டாம். ஐலண்ட் பெட்டிலும் தாராளம் எதிர்பார்க்காதீர்கள். வேனின் உள்ளகலம் சுமார் 2.3 மீட்டர், கட்டில் 1.53 மீட்டர். மிச்சத்தை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர், பக்கவாட்டில் நகர மட்டும் போதும். கேரவன் ‘குயின்’ மெத்தையின் நீளம் பெரும்பாலும் 1.88 மீட்டர்தான், வீட்டு குயின் 2.03. உயரமானவர் ஷோரூமிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்துவிடுவது நல்லது. விற்பனையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடுத்து வாசல் படி. மண் சாலைக்காக உயர்த்திய ‘செமி ஆஃப்-ரோடு’ வேன்களில் முதல் படியே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். இரட்டை மடிப்புப் படி, வாசலோரம் உறுதியான கைப்பிடி, படிக்கு மேல் ஒரு விளக்கு, இவை மூன்றும் கட்டாயம். சமதளமில்லாத முகாமில் இன்னும் ஒரு தனிப்படி கையோடு வைத்திருக்க வேண்டும்.

கூரையைத் தூக்கி விரிக்கும் பாப்-டாப் வகைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. காற்று எதிர்ப்பு குறைவு, டீசல் மிச்சம், வீட்டு கார்போர்ட்டில் நுழையும். ஆனால் ஏ.சி பொருத்திய கூரையை கேஸ் ஸ்ட்ரட் உதவியோடு தூக்கினாலும் தோளுக்கு வேலைதான். கேன்வாஸ் ஓரங்கள் வழியாகக் குளிரும் பக்கத்து ஜெனரேட்டர் சத்தமும் உள்ளே வரும். தோள்பட்டை வலி உள்ளவர்கள் முழு உயர வேனையே எடுங்கள்.

இனி இந்த வகையின் உண்மையான பலவீனம்: சுமக்கும் திறன். வேனில் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். ‘டேர்’ என்பது காலி எடை. ‘ஏ.டி.எம்’ என்பது சாமான்களோடு சேர்த்து வேன் எட்டக்கூடிய உச்சம். டேர் 2,200, ஏ.டி.எம் 2,600 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 400 கிலோதான் உங்களுடையது. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்பினால் 190 போச்சு. இரண்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 18. படுக்கை, துணிமணி 60. பாத்திரம், மளிகை 50. நாற்காலி, மேசை, தரைவிரிப்பு 30. குழாய், கம்பி, கருவிகள் 30. கூட்டினால் 378. மிச்சம் 22 கிலோவில் கூடுதல் பேட்டரி எங்கே வைப்பது, ஆவ்னிங்கின் (வெளிப்பந்தலின்) பக்கச் சுவர் எங்கே வைப்பது? டீலர் பிற்பாடு பொருத்திக் கொடுக்கும் கருவிப்பெட்டி, சைக்கிள் தாங்கி, கூடுதல் சோலார் பலகை எல்லாம் இந்த 400-க்குள்தான் அடங்க வேண்டும். தகட்டு எடையைத் தாண்டி ஓட்டினால் அபராதம் மட்டுமில்லை, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் வழி உண்டு. எனவே இருவருக்கே என்றாலும் 450 கிலோவுக்குக் குறைந்த சுமைத்திறன் உள்ள வேனை ஒதுக்கிவிடலாம்.

கார்ப் பக்கமும் கணக்கு உண்டு. ‘3,500 கிலோ இழுக்கும்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பக் கூடாது. வேனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி மேல் உட்காரும். 2,600 கிலோ வேனுக்கு 260. இது காரின் சுமைக் கணக்கில் சேரும். இதோடு விஷயம் முடியவில்லை. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர் என்றால், பின் அச்சில் 371 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 111 கிலோ குறையும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. ஹேமன் ரீஸ் வகை எடைப்பகிர்வுக் கம்பிகள் இந்தச் சாய்வைச் சரிசெய்யும். ஆனால் காரின் அனுமதி எடையை ஒரு கிலோகூட உயர்த்தாது. மண் சாலையில் இறங்கும்போது அந்தக் கம்பிகளைப் பற்றிக் கார், கொக்கி இரண்டின் கையேடும் என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2,000 கிலோவுக்கு மேற்பட்ட வேனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், வேன் கழன்று போனால் தானாகப் பிடிக்கும் ‘பிரேக்அவே’ அமைப்பும் சட்டப்படி கட்டாயம். காருக்குள் ரெட்ஆர்க் போன்ற பிரேக் கன்ட்ரோலர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். காரணம் இது: பெரிய லாரி கடந்து போகும் காற்றில், அல்லது இறக்கத்தில், வேன் வாலாட்ட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரில் வேன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அப்போதுதான் வேன் பின்னுக்கு இழுத்து நேராகும். ஓட்டாதவரும் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கட்டும். வாலாட்டத்துக்கு வழக்கமான காரணம், பின்பக்கம் கனம் கூடி கொக்கி எடை குறைவது. என்சூட் பின்பக்கம் இருப்பதும், அதில் துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதும் இதில் சேர்த்தி. பின் பம்பரில் இரண்டு ஸ்பேர் டயர், ஜெர்ரி கேன் என்று மாட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

முகாமில் நிறுத்தும் வரிசையைத் தப்பாகச் செய்தால்தான் முதுகு போகும். காரைக் கழற்றும் முன்பே பக்கவாட்டு மட்டத்தைப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தை பிளாஸ்டிக் ராம்ப் மேல் ஏற்றுங்கள். பிறகு இருபுறச் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். அதன்பின் சங்கிலி, மின் பிளக், பிரேக்அவே கம்பி ஆகியவற்றைக் கழற்றி, வேனின் முன்முனையில் உள்ள ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி முன்பின் மட்டம் சரிசெய்யுங்கள். நான்கு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் வேனைத் தூக்கினால் கால் வளையும், சட்டமும் முறுக்கும். 19 மில்லிமீட்டர் சாக்கெட் மாட்டிய பேட்டரி டிரில் இருந்தால் குனிந்து சுற்ற வேண்டியதில்லை. வயதானவர்கள் வாங்க வேண்டிய முதல் உபரிச் சாமான் இதுதான்.

தண்ணீர்க் குழாயை நேராக மாட்டாதீர்கள். பார்க்குகளில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். 350 கிலோபாஸ்கல் ரெகுலேட்டர் இல்லையென்றால் சிங்க்குக்கு அடியில் பிளாஸ்டிக் இணைப்பு விட்டுக்கொண்டு, நீங்கள் கடற்கரைக்குப் போன நேரத்தில் தரை முழுக்கத் தண்ணீர் நிற்கும். மின்சாரத்துக்கு 15 ஆம்பியர் கம்பி. சுருட்டிவைத்தபடி பயன்படுத்தினால் சூடேறும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

கேசட் கழிப்பறை பற்றிப் பலரும் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கேசட் என்பது கழிவு சேரும், கழற்றி எடுக்கும் தொட்டி; சுமார் 18 முதல் 20 லிட்டர். நிறைந்தால் தூக்க 20 கிலோவுக்கு மேல்; நிறைந்ததைக் காட்டும் விளக்கு எரியும்வரை காத்திராமல் பாதியிலேயே காலி செய்யுங்கள், சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள கேசட்டாக வாங்குங்கள். கழிவு கொட்டும் இடமான டம்ப் பாயிண்ட்டில் குழாயைத் திருப்பி ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்தியபடி ஊற்ற வேண்டும். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று கொட்டி, காலில் தெறிக்கும். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு தடவை குலுக்கி ஊற்றி, மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு மூடுங்கள். பிளீச் ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டு, ஓடும்போது கசியும். வடக்கின் வெயிலில் கேசட் சீக்கிரம் நாறும், இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்யத்தான் வேண்டும்.

மின் இணைப்பில்லாத முகாம்களில் தங்கும் எண்ணம் இருந்தால் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம் (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதே அளவு லித்தியத்தில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம், எடையும் பாதிக்கும் கீழே. தூக்க மூச்சுத்திணறலுக்கு சி-பேப் இயந்திரம் வைப்பவர்கள் 12 வோல்ட் அடாப்டர் வாங்கி, ஈரமூட்டும் சூடாக்கியை அணைத்துவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறையும். இன்சுலின் வைப்பவர்கள் கம்ப்ரசர் குளிர்பெட்டி உள்ள வேனையே எடுக்க வேண்டும். எரிவாயுவிலும் இருவகை மின்சாரத்திலும் ஓடும் மூவழிக் குளிர்பெட்டி, வேன் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. 40 டிகிரி வெயிலிலும் திணறும். ஏ.சி இந்த பேட்டரிகளில் ஓடாது. அதற்கு மின் இணைப்புள்ள இடம் வேண்டும்.

சமையல் இடம் இருவருக்குப் போதும். ஆனால் தாளிப்பு வாசனை இரவெல்லாம் படுக்கைத் துணியிலேயே இருக்கும். தோசை, வறுவலுக்கு வெளியே இழுக்கும் அடுப்போ தனி ஸ்டவ்வோ வைத்துக்கொள்ளுங்கள். பார்க் மின்சாரத்தில் மிக்ஸி தாராளமாக ஓடும். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எல்லாம் பிடுங்கிவிடுவார்கள். கிழக்கே திரும்பும்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனாவிலும் பழம், காய்கறி சோதனை உண்டு. இடையில் உள்ள நல்லார்பார் சமவெளியில் ரோட்ஹவுஸ்களிடம் (சாலையோர பெட்ரோல் நிலையங்களிடம்) தொட்டி நிரப்பத் தண்ணீர் எதிர்பார்க்க முடியாது. எனவே இரு முனைகளிலுள்ள செடுனாவிலோ நார்ஸ்மனிலோ தொட்டி முழுக்க, குளிர்பெட்டி கிட்டத்தட்டக் காலி என்ற நிலையில் கிளம்புவதே சரி.

பராமரிப்பில் இரண்டே விஷயம். சக்கர பேரிங்குகளை 10,000 கிலோமீட்டர் அல்லது வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியபின் முதல் 50 முதல் 100 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். எரிபொருளில் அதிர்ச்சி வேண்டாம்: தனியாக 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி, இந்த வேனோடு 15 முதல் 18 குடிக்கும். 110-இல் ஓட்டினால் அதற்கும் மேல். 90-ஐ ஒட்டி ஓட்டுங்கள். யு.எச்.எஃப் ரேடியோவை 40-ஆம் சேனலில் வைத்தால் பின்னால் வரும் லாரிக்காரர் கடக்கப் போவதைச் சொல்லிவிடுவார்.

பழைய வேன் வாங்குவோர் மூலைகளிலும் ஜன்னலோரத்திலும் கட்டிலுக்கு அடியிலும் ஈரமானியால் பாருங்கள். மரச்சட்டத்து வேனில் நீர் கசிந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, விரலால் அழுத்தினால் உள் பலகை அமுங்கும். புதிது வாங்குவோர், பாக்கித் தொகை கட்டும் முன் எல்லாப் பொருத்தங்களும் முடிந்த வேனைப் பொது எடைமேடையில் ஏற்றிச் சீட்டு கேளுங்கள். அந்த எண்ணுக்கும் தகட்டு டேருக்கும் நூறு கிலோ வித்தியாசம் என்றால், விலை பேச வேண்டிய நேரமும் அதுதான்.