கடலைப் புண்ணாக்கா, சோயாவா?
கட்லா, ரோகு மீன் வளர்க்கும் குளங்களில் தீவனமாகத் தவிட்டோடு கடலைப் புண்ணாக்கைச் சரிபாதி கலந்து போடுவது நெடுநாள் வழக்கம். அதற்கு மாற்று, எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கு. புரதம் இரண்டிலும் ஏறத்தாழ 40 முதல் 48 சதவீதம். ஆனால் மீன் வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) கடலையில் குறைவு, சோயாவில் தாராளம். மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இரண்டிலுமே பற்றாக்குறைதான். கொஞ்சம் மீன்தூள் சேர்த்தால் ஈடுகட்டலாம்.

கடலையில் என்னைப் பயமுறுத்துவது பூஞ்சைதான். ஈரம் பட்ட மூட்டையில் அஃப்ளாடாக்சின் உருவாகி மீனின் ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சோயாவிலும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, ஆனால் அது சூட்டில் பெரும்பாலும் அடங்கிவிடும். பச்சை சோயாவை மட்டும் போடாதீர்கள். இரண்டிலும் பாஸ்பரஸின் பெரும்பகுதி மீனால் செரிக்க முடியாத பைட்டேட் என்ற சேர்மமாக இருப்பதால் மீனுக்குச் சேராது. தாது உப்புக் கலவை அவசியம்.

செக்கிலிருந்து புதிதாக வந்த கடலைப் புண்ணாக்கு என்றால் தயங்காமல் வாங்குவேன். மழைக்காலத்தில் சோயாதான்.