எட்டும் எடுவும்: கழுத்தில் வைத்துப் பேசும் மிஷினோடு 16 மாதம்

கடைக்கு வந்த பையன் ஒரு முறுக்குப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி எவ்வளவு என்று கேட்டான். "எட்டு" என்றேன். அவன் காதில் "எடு" என்று விழுந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. நான் கூப்பிட்டது அவனுக்கு வண்டுச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

குரல்வளையை முழுதாக எடுத்த பிறகு எலக்ட்ரோலாரிங்ஸ் என்கிற மிஷினை வைத்து நான் பேச ஆரம்பித்த காலம் அது. மிஷின் சரியில்லையா, நான் வைத்த விதம் சரியில்லையா என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. இதே ஆபரேஷன் முடிந்து வீட்டில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விருதுநகர் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 61. முப்பது வருஷம் பீடி குடித்தவன். குரல் கம்மிப்போய் நாலு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். குரல்வளையில் புற்றுநோய். முதலில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் நோய் திரும்ப வந்தது, அதனால் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடிந்தது. மிஷினுக்குக் கைக்காசு. இரண்டு பேட்டரி, சார்ஜரோடு ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

மிஷின் சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். தலையில் ஒரு தட்டு அதிரும். அதைத் தாடைக்குக் கீழே சதையில் அழுத்தினால் அந்த அதிர்வு வாய்க்குள் போகிறது, நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன. மூச்சுக்கும் பேச்சுக்கும் இப்போது சம்பந்தம் கிடையாது. மூச்சு கழுத்தில் இருக்கும் துளை வழியாகப் போய்வருகிறது.

எனக்கு மிஷினை விற்றவர்கள் கூரியரில் அனுப்பினார்கள். பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. போன் செய்து கேட்டதற்கு, "கழுத்துல வச்சு பட்டனை அமுக்குங்க சார், அவ்வளவுதான்" என்றார்கள். பதினைந்து நாள் அமுக்கினேன். கொர்ரென்ற சத்தம்தான் வந்தது. என் வீட்டுக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் "எழுதியே குடுத்துருங்க" என்றாள். மிஷின் பீரோவுக்குள் போய்விட்டது. அவ்வளவு பணம் வாங்கியவர்கள் ஒரு அரைமணி நேரம் சொல்லிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லி டாக்டர்தான் அனுப்பினார். என் மகள் வயசுப் பிள்ளை. அந்த அம்மா செய்த முதல் வேலை, என் கழுத்தை இரண்டு விரலால் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தது. "ஐயா, கரண்ட் வச்சதுல இடது பக்கம் பூரா கெட்டியாயிருச்சு. அங்க வச்சா சத்தம் உள்ள போகாது, வெளியதான் கேக்கும்" என்றார். வலது பக்கம் தாடை எலும்புக்கு இரண்டு விரல் உள்ளே, எட்டணாக் காசு அளவுக்கு ஒரு மெத்தென்ற இடம் இருந்தது. அங்கே தட்டைச் சாய்க்காமல் முழுதாகப் பதித்தார். "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க." சொன்னேன். கூட வந்த என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தால் அந்த இடம் அகப்படவில்லை. மறுநாள் காலையில் அவள் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அந்த இடத்தில் ஒட்டிவிட்டாள். மூன்று வாரம் தினமும் ஒட்டினாள். அப்புறம் கை தானாகப் போய் உட்கார்ந்தது. சிலருக்குக் கழுத்தில் எங்கேயுமே எடுபடாது, கன்னத்தில் வைத்தால் வரும். ஆபரேஷன் வீக்கம் வற்றாதவர்களுக்கு மிஷின் தலையில் ஒரு குழாயை மாட்டி வாய்க்குள் வைத்துப் பேசலாம்.

இனி எட்டு, எடு விஷயம். பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை மிஷின் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். நம் தமிழில் "எட்டு" சொல்லும்போது ட்-டில் குரல் ஒரு கணம் அறுந்து மறுபடி வருகிறது, "எடு"வில் அறுவதே இல்லை. மிஷின் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பத்து, கத்தி, கட்டை, பட்டம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பயிற்சியாளர் ஒரு தாளில் கடை-கட்டை, படம்-பட்டம், எடு-எட்டு, கதி-கத்தி என்று ஜோடி ஜோடியாக எழுதிக் கொடுத்தார். இரட்டை எழுத்து வரும்போது நாக்கை அழுத்தி நிறுத்தி, கண்ணிமைக்கிற நேரம் பட்டனை விட்டுப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டு மிஷினோடு வரும் புத்தகத்தில் இது எப்படி இருக்கும்? தமிழ் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரண்டு மாதத்தில் "எட்டு" எட்டாகிவிட்டது. ஹ மட்டும் வராது, அது நுரையீரல் காற்றில் பிறக்கிற எழுத்து. "ஹலோ" எனக்கு "அலோ"தான்.

இன்னொரு தப்பையும் ரொம்ப நாள் செய்துகொண்டிருந்தேன். சத்தமாகப் பேச வேண்டும் என்று முக்குவேன். முக்கினால் கழுத்துத் துளையில் காற்று புஸ்ஸென்று வந்து பேச்சை மூடிவிடும். முக்காமல், வாயை மட்டும் நன்றாகத் திறந்து பேச வேண்டும். ஒரு சொற்றொடர் முடிந்தால் பட்டனையும் விட வேண்டும்.

என் மிஷினில் இரண்டு பட்டன். ஒன்று சாதாரணக் குரல், மற்றது கொஞ்சம் உயரம். "வந்துட்டாரா?" என்று கேட்க அந்த "ரா"வில் இரண்டாவது பட்டனுக்கு மாறினால் கேள்வி கேள்வியாகவே கேட்கிறது. ஆனாலும் இது மனுஷக் குரல் ஆகாது. கோபம், கொஞ்சல் எல்லாம் ஒரே சுதி. பேத்தியை அதட்டினாலும் ஒன்றுதான், கொஞ்சினாலும் ஒன்றுதான். என் மனசுக்கு மிகப் பெரிய குறை இது.

போன் பெரிய சோதனை. பருப்பு மொத்தக் கடைக்குப் போன் போட்டால் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுவார்கள். இப்போது எடுத்ததும், "அண்ணாச்சி, நான்தான், மிஷின் வச்சுப் பேசுறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். போனின் மைக்கைக் கழுத்துத் துளைக்கு எதிரில் பிடிக்காமல் வாயோரம் தள்ளிப் பிடித்தால் தெளிவு கூடும். கடையில் ஒரு கை எப்போதும் மிஷினுக்குப் போய்விடுகிறது. தராசில் நிறுத்துக்கொண்டே பேரம் பேசிய காலம் போயிற்று. நிறுத்து முடித்துவிட்டுத்தான் பேச்சு.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்னத் துளை போட்டு சிலிகான் வால்வு வைக்கும் முறை இருக்கிறது. கழுத்துத் துளையை விரலால் அடைத்தால் நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய்க் குரல் எழும்பும். இந்த மிஷினைவிட எவ்வளவோ இயல்பாக இருக்கும், நானே கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் புளோம் என்ற பேச்சு நிபுணரும் சிங்கர் என்ற டாக்டரும் கொண்டுவந்த முறை அது. வெளிநாட்டு வால்வு விலை அதிகம். பெங்களூரில் டாக்டர் விஷால் ராவ், ஷஷாங்க் மகேஷ் என்ற நண்பரோடு சேர்ந்து ஓம் என்ற பெயரில் ஐம்பது ரூபாய் அளவில் ஒரு வால்வை உருவாக்கினார். ஏழை வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் எந்த வால்வும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். பூஞ்சை பிடித்துக் கசிந்தால், குடிக்கிற காப்பி மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். கரண்ட் வைத்த என் கழுத்தில் இன்னொரு துளை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் மிஷின். உங்கள் டாக்டர் வால்வு வைக்கலாம் என்றால் யோசிக்காதீர்கள், வையுங்கள்.

பேச்சு போனது எல்லோருக்கும் தெரிகிறது. மூக்கு போனது யாருக்கும் தெரிவதில்லை. காற்று மூக்கு வழியாகப் போகாததால் வாசனை வராது. பலசரக்குக்காரனுக்கு மூக்குதான் பாதிப் பிழைப்பு. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா, மல்லி பழசா என்று மூக்குதான் சொல்லும். இதையும் அந்தப் பயிற்சியாளரிடம்தான் சொன்னேன். உதட்டை மூடிக்கொண்டு, சபையில் கொட்டாவியை அடக்குகிற மாதிரி தாடையைக் கீழே இறக்கச் சொன்னார். வாய்க்குள் இடம் பெரிதாகும்போது மூக்கு வழியாகக் காற்று தானே உள்ளே இழுபடும். நெதர்லாந்தில் டாக்டர் ஹில்கெர்ஸ் குழுவினர் 2000இல் எழுதிய முறையாம். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே செய்தேன். வந்தது! லேசாகத்தான், ஆனால் பெருங்காயமேதான். டப்பாவை மூடி மூடித் திறந்து பத்து தடவை பார்த்திருப்பேன்.

வத்தல் மூட்டையை இப்போது நான் பிரிப்பதில்லை. தூள் நேரே கழுத்துத் துளைக்குள் போகும், தடுக்க மூக்கு இல்லை. துளையில் மாட்டுகிற வடிகட்டி மூச்சுக் காற்றை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் வைக்கும், சளியும் குறையும். கையில் காசிருக்கும் மாதம் அது, இல்லாத மாதம் ஈரத்துணி. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. என் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது: "கழுத்து வழியாக மூச்சு விடுபவர். ஆக்ஸிஜனைக் கழுத்தில் கொடுக்கவும்." நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்தால் அவசரத்தில் மூக்கில்தான் மாஸ்க்கை வைப்பார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டுக்குக் காரணமாகக் குரல்வளை நீக்கத்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லுங்கள். எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மிஷினுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பயிற்சி இல்லாமல் என்றால் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். வாங்கும்போது இரண்டு பேட்டரி கட்டாயம் கேளுங்கள். பயிற்சியாளரை ஆபரேஷனுக்கு முன்பே போய்ப் பாருங்கள். பணம் கட்டும் முன் உங்கள் கழுத்தில் வைத்துப் பார்த்து, எடுபடுகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் மதியம் கூட்டமில்லாத நேரம் கடைக்கு வந்தால், என் மிஷினையே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கையில் தருகிறேன். அந்த ஜோடி வார்த்தைத் தாள் கல்லாப்பெட்டிக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது, படம் எடுத்துக்கொண்டு போங்கள்.