இறக்கத்துக்கு இந்த ஸ்கேற் போதுமா?

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. அதனால் இங்கே இன்லைன் ஸ்கேற் (ஒரே வரிசையில் சில்லு பூட்டிய சப்பாத்து) வாங்குகிறவர்கள் சில்லைக் கையால் சுழற்றி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். குதிக்காலில் இருக்கும் பிரேக் றப்பரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் பாலங்களின் இரு முனையிலும் இறக்கம் இருக்கிறது. மண்டபங்களின் வாகனத் தரிப்பிடத்தில் சாய்வு இருக்கிறது. விடுமுறைக்கு நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ போகும் பிள்ளையின் பையில் ஸ்கேற்றும் சேர்ந்தே போகிறது. ஒரு மாடி உயரம், அதாவது 3 மீற்றர், பிரேக் பிடிக்காமல் இறங்கினால் அடியில் வேகம் மணிக்கு 27 கிலோமீற்றரை நெருங்கும். காற்றும் உராய்வும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளோடு ஒரே பெட்டியில் விற்கப்படும் அளவு மாற்றக்கூடிய நான்கு சில்லு ஸ்கேற்றை இறக்கத்துக்கு உதவுமா என்ற ஒரே கேள்வியோடு இங்கே பார்க்கிறோம்.

சில்லு 76 மில்லிமீற்றர், கடினம் 82ஏ (எண் கூடக் கூடச் சில்லு கடினம்). நம் தார் வீதிக்கு இது சரியான தெரிவு. இதைவிடக் கடினமானது பரல் வீதியில் காலை அதிர வைக்கும். சப்பாத்தின் கணுக்கால் பிடி நன்று. மேல்பட்டியை இறுக்கிக்கொண்டு முழங்காலை மடக்கிப் பாருங்கள். குதிக்கால் உள்ளே எழும்பினால் ஒரு அளவு குறையுங்கள். குதிக்கால் ஆடும் சப்பாத்தில் பிரேக்கை அழுத்தினால், விசை றப்பருக்குப் போய்ச் சேராது.

இந்த ஸ்கேற்றின் உயிர் அந்தப் பிரேக்தான். வலது காலின் கடைசிச் சில்லுக்குப் பின்னால், அச்சாணியோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். வளைந்து திரும்பும்போது இடறுகிறது என்று இதைக் கழற்றி எறிபவர்கள் பலர். இறக்கத்தில் இறங்கப் போகிற யாரும் அதைச் செய்யக் கூடாது. புது றப்பரின் விளிம்பு கூராக இருப்பதால் முதல் சில நாட்கள் தடதடவென்று அதிரும். சமதரையில் இருபது முப்பது தடவை பிடித்தால் சாய்வாகத் தேய்ந்து, தரையில் முழுதாகப் படியும். அதன்பிறகுதான் அது உண்மையில் வேலை செய்கிறது. தேய்மானக் கோட்டைத் தொட்டதும் மாற்றிவிடுங்கள். தேயத் தேய முன்பாதத்தை இன்னும் உயர்த்த வேண்டி வரும், சமநிலை போகும்.

பிடிக்கும் முறை இதுதான். இரண்டு முழங்காலையும் மடக்கி, கைகளை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். றப்பர் இடது காலின் பெருவிரலுக்கு நேரே வரும்வரை வலது காலை முன்னே தள்ளுங்கள். பின்பு முன்பாதத்தைத் தூக்கி றப்பரைத் தரையில் தொடவிட்டு, இருக்கையில் அமர்வதுபோல் இடுப்பை இறக்கிக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டுங்கள். பயத்தில் முதுகைப் பின்னே சாய்ப்பதுதான் பெரும்பாலானோர் விழுவதற்குக் காரணம். சாய்ந்ததும் கால்கள் முன்னே ஓடிவிடும், தலை பின்னே அடிபடும்.

பிரேக்கை உச்சியிலேயே தொடங்க வேண்டும். வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். முதல் தடவை உச்சிக்கு ஏறாமல், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து இறங்குங்கள். கீழே ஓடி அடங்கச் சமதரை இருக்க வேண்டும். வாகனம் ஓடும் பாலத்தில் இதைப் பழகவே வேண்டாம். வீதியோர மணலில் இறங்கி நிற்கலாம் என்ற எண்ணமும் இங்கே ஆபத்து. சில்லு மணலில் புதைந்து அந்த இடத்திலேயே நிற்கும், உடம்பு நிற்காது. மழை ஈரத்தில் சில்லு வழுக்கும். அன்றைக்கு இறக்கமே வேண்டாம்.

பெட்டியில் வரும் காப்புகளில் முழங்கால் மூடி போதுமானது. மணிக்கட்டுக் காப்பின் பிளாஸ்டிக் தகடு குட்டை, ஒட்டுப்பட்டியும் வியர்வையில் கழன்று வருகிறது. விழும்போது முதலில் தரையில் படுவது கைதான், இதைத் தனியாக நல்லதாக வாங்குங்கள். தலைக்கவசம் பெட்டியில் இல்லை. ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தலைக்கவசத் தர எண் உள்ளே அச்சிட்டதைத் தேடுங்கள்.

பராமரிப்பில் நமக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. யாழ் நகரின் பண்ணைக் கடலோரப் பக்கம் கடற்காற்றில் ஓடினால், சில்லுகளைச் சுழலவிடும் 608 அளவு பெயாரிங்குகள் 16உம் உப்புக்கும் புழுதிக்கும் துருப்பிடிக்கத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். சில்லின் உட்பக்கம் அதிகம் தேய்ந்தால் முதலாவதையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் நான்காவதையும் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரத் திருப்பிப் பூட்டுங்கள். அச்சாணி ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பிரேக்கைப் பிடித்திருப்பதைக் கட்டாயம்.

சமதரைக்கும், அடி தெரிகிற குட்டைச் சாய்வுக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். மலைநாட்டு நீள இறக்கத்துக்கு வேண்டாம். அங்கே ஒரே றப்பரில் தொடர்ந்து தொங்கினால் அது சூடேறி விரைவாகத் தேய்ந்துபோகும். அகலமாக வளைந்து வளைந்து வேகம் குறைக்கத் தெரிந்தவருக்கே அந்த வீதி.