பீர் நொதிக்க எந்தப் பெட்டி: பழைய ஃபிரிட்ஜா, மேல்மூடி ஃபிரீசரா?

நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும். முதல் மூன்று நாள் கலனுக்குள் இருக்கும் திரவம் வெளிக்காற்றைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாகவே இருக்கும். அறை 22 டிகிரி என்றால் உள்ளே 26. ஏல் என்னும், அறைச் சூட்டை ஒட்டி நொதிக்கும் பீர் வகையின் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 18–20 போதும். அதற்குமேல் போனால் தொண்டையைக் காந்தும் சாராய நெடி வரும், எத்தனை வாரம் ஊறப்போட்டாலும் முழுசாகப் போகாது. குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்கு 10–12 வேண்டும் என்பதால் பெட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பாட்டில் வைத்து மாற்றிக்கொண்டே இருப்பது ஏலுக்கு ஒப்பேறும், ஒருநாள் மறந்தால் போச்சு. பெல்டியர் தகடு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகடு) 60 வாட்டை விழுங்கிவிட்டுக் கொஞ்சம்தான் குளிர்விக்கும். 5 லிட்டர் ஜாடிக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். ஆக, போட்டி இரண்டுக்குத்தான்.

மேல்மூடி ஃபிரீசரில் காப்பு தடிமன், மின்சாரம் குறைவு, இரண்டு கலன்கள்கூட உட்காரும். ஆனால் 23 லிட்டர் நிரம்பிய கலனை இடுப்பு உயரச் சுவரைத் தாண்டி இறக்க வேண்டும். கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, வடிய வழியில்லாமல் அடியிலேயே தேங்கும். மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விடக் கூடாது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். ஃபிரீசரின் குளிர்க்குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. கம்ப்ரசர் ஓடும்போது சுவரில் ஈரம் படியும், நின்றதும் வழிந்து அடியில் சேரும். உறைபனியாகவே இருக்க வேண்டிய பெட்டி அது. 18 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அதில் தானாக வடியும் ஏற்பாடு இல்லை. இரண்டே வாரத்தில் ரப்பர் மடிப்பில் கரும்பூஞ்சை. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வைத்தால் குறையும், ஆனால் நிரம்ப நிரம்பக் கொட்டி மாற்ற வேண்டும். ஒவ்வொரு தொகுதி பீருக்குப் பிறகும் குனிந்து துடைப்பது யாருக்கும் நீண்டநாள் ஓடாது.

ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜில் அந்தத் தண்ணீர் பின்சுவர்த் துளை வழியாகக் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் பராமரிப்பு அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல் வேண்டாம். வெப்பநிலையைப் பார்த்து ஃபிரிட்ஜை ஓட்டி நிறுத்த நாம் மாட்டும் வெளிக் கன்ட்ரோலர் மின்சாரத்தை அடிக்கடி வெட்டுவதால், பனியை உருக்கும் டைமர் தன் சுற்றை முடிக்க முடியாமல் குழம்பும். லாகர் போடும்போது மறைவில் பனி கட்டிக் காற்று வழி அடைபட்டுவிடும்.

ஃபிரிட்ஜை வாங்குமுன் கலனின் அளவில் அட்டைப்பெட்டி செய்து, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) உயரத்தையும் சேர்த்து, உள்ளே வைத்துப் பாருங்கள். மேலே தொங்கும் ஃபிரீசர் அறைதான் பெரும்பாலும் இடிக்கும். அதை வளைக்கவோ வெட்டவோ கூடாது, அதற்குள்ளேதான் குளிர்வாயு ஓடுகிறது. கண்ணாடித் தட்டு இந்தக் கனத்தைத் தாங்காது. எடுத்துவிட்டு 18 மி.மீ. பிளைவுட் பலகை போடுங்கள். ஒயருக்காகப் பக்கச்சுவரில் துளை போட வேண்டாம், கதவு ரப்பர் வழியாகவே நுழைத்துவிடலாம்.

கன்ட்ரோலருக்கு எஸ்.டி.சி-1000 போதும், ஆனால் ஒயரிங் நாமே செய்ய வேண்டும். மின்வேலை கைவராதவர்கள் பிளக் வைத்தே வரும் இங்க்பேர்ட் ஐ.டி.சி-308 வாங்கலாம். ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிரில் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சண்டை போடும். கன்ட்ரோலரில் வித்தியாசம் (எவ்வளவு விலகினால் மீண்டும் ஓட வேண்டும் என்பது) 0.5 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் (நின்றபின் மீண்டும் ஓடுமுன் காத்திருப்பு) 5 நிமிடம் என வையுங்கள். குளிர்காலத்துக்குக் கலனைச் சுற்றி 30–40 வாட் ஹீட் பெல்ட். பல்பு வைத்தால் வெளிச்சம், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸைக் கெடுக்கும்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடுவதுதான் வழக்கமான தப்பு. காற்று நிமிடத்தில் குளிரும், 23 லிட்டர் திரவம் மணிக்கணக்கில் நகரும். கன்ட்ரோலர் 18 காட்டும்போதே உள்ளே 22 இருக்கும். கலனின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே டேப்பால் ஒட்டி, மேலே நான்கு மடிப்புக் குமிழித்தாள் வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

தெளிய வைக்க 2 டிகிரிக்கு இறக்குமுன் ஏர்லாக்கைக் கழற்றி அடைப்பான் போடுங்கள். குளிர்ந்து சுருங்கும்போது ஏர்லாக் தண்ணீரைக் கலன் உள்ளே இழுத்துக்கொள்ளும்.